உப்பு பூத்த இலை

இலை மேல பொடிப்பொடியா உப்பு. நாக்குல வச்சுப் பாத்தேன், நல்லா கரிக்குது.

இன்னைக்கு காலையில பினாங்கு பாலிக் புலாவ் கடலோரம், தங்கச்சி மகளோட. மலாய்ல அப்பி-அப்பி, நம்ம தமிழ்ல வெண்கண்டல், அலையாத்தி மரத்துல ஒரு வகை. உள்ள வர்ற உப்ப இலை வழியா வெளிய தள்ளிடும்.

"மாமா, இதுக்குள்ள பூஞ்சை குடியிருக்கு"ன்னா. மைக்ரோபயாலஜி படிக்கிற புள்ள.

இலைய ஸ்பிரிட்டுலயும் பிளீச்சுலயும் கழுவி மேல இருக்கிற கிருமிய கொன்னுட்டு, பொடிசா நறுக்கி கடல்தண்ணி கலந்த அகார்ல, அதாவது பூஞ்சை வளக்குற ஜெல்லியில, வச்சா, சில நாள்ல வெட்டுன ஓரத்துலேருந்து இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையா கிளம்பி வருது. போன்ல போட்டோ காட்டுனா. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மரத்துக்கு நோவு குடுக்காம உள்ள வாழுற பூஞ்சை, உப்பு, வெயில், பாக்டீரியா எல்லாத்தையும் சமாளிக்க தானே ரசாயனம் செய்யுது. அதுல சிலது லேப்ல பாக்டீரியாவ கொல்லுது, சிலது புற்றுநோய் செல்லையும் கொல்லுது. அதுக்காக உடனே மருந்துன்னு சொல்லிட முடியாது, நடுவுல எத்தனையோ வருஷ சோதனை இருக்கு.

ஆனா நடந்திருக்கு. ஜூனிபர்ங்கிற செடியோட இலைக்குள்ள இருந்த பூஞ்சை தந்த பொருள்லேருந்து வந்த இப்ரெக்ஸாஃபன்ஜெர்ப்ங்கிற பூஞ்சைத் தொற்று மாத்திரைக்கு 2021ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு.

எறா குளத்துக்காக இந்த மரத்தை வெட்டும்போது உள்ள யாரு இருக்கான்னு யாரும் பாக்குறதில்ல. எனக்கு மனசு கேக்கல.

பத்து இலைய பையில போட்டு ஐஸ் பெட்டியில வச்சுட்டா. வாடுறதுக்குள்ள லேப் போகணுமாம், கார வேகமா எடுத்தேன்.