கல்லடிக் குசினியும் கழன்று விழுந்த பூச்சும்

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குசினிப் புகைக்கூட்டில் வெடிப்பைக் கண்டு கூப்பிட்டால், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒரு பூச்சுப் பூசினாச் சரி" என்று சொல்கிற மேசனை ஏணியில் ஏற விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் ஏறினார். வெடிப்பெல்லாம் மறைய வழுவழுவென்று பூசி, காசையும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் போய்விட்டார். அடுத்த மாரி முடிவதற்குள் அந்தப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று கூரையில் விழுந்து, நல்ல ஓடுகளையும் உடைத்துவிட்டது. போன் எடுத்துக் கேட்டால், "கடலுக்குப் பக்கத்தில இருந்தா இப்படித்தான் மனே" என்கிறார். அது தெரிந்த ஆளாக இருப்பார் என்றுதானே ஐயா உங்களைக் கூப்பிட்டது!

வீடு மட்டக்களப்பு கல்லடியில், கிழக்கே கடல், மேற்கே வாவி, எந்தக் காற்று அடித்தாலும் உப்புத்தான். காஸ் அடுப்பு வந்த பிறகு புகைக்கூட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்ததும் அம்மா விறகடுப்புக்குத் திரும்பினார், பிறகு காஸ் தாராளமாகக் கிடைத்தும் விடவில்லை, மீன்குழம்பு விறகில்தான் ருசியாம். ஆகவே இடித்துவிடுவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறகு சம்மாந்துறையில் இருந்து இன்னொரு மேசன் வந்தார், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிட்டோம். சாமான் பட்டியல் கேட்கும் முன்பே சுத்தியலோடு மேலே ஏறி, கீழிருந்து உச்சிவரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் 'டங்' என்றது, கெட்ட இடம் பொள்ளலாகச் சத்தம் போட்டது. அந்த இடங்களில் கரிக்கட்டியால் கோடு போட்டார். உச்சியில் நாலு குட்டித் தூணும் அதன்மேல் மூடிப் பிளேட்டும் இருந்தன. 1978 சூறாவளியில் கூரையோடு பழைய மூடியும் போக, பிறகு அவசரத்தில் வார்த்தது என்று அம்மா சொல்வார். அதில் உடைந்த ஒரு துண்டைக் காக்கா என் கையில் தந்தார். உள்ளே சின்னச் சிப்பித் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. கடல் மணலைக் கழுவாமல் போட்டிருக்கிறார்கள். கம்பிக்கு மேல் சீமெந்து அரை அங்குலம்கூட இல்லை. கம்பி துருப்பிடித்தால் இருந்ததைவிடப் பல மடங்கு பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும், அதைத்தான் நாங்கள் வெளியே வெடிப்பாகப் பார்க்கிறோம். அதன்மேல் பூச்சுப் பூசுவது புண்ணைக் கழுவாமல் துணி சுற்றுவது மாதிரி.

கீழே செங்கல் கட்டில் வேறு பிரச்சினை. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கட்டு. அதன்மேல் சீமெந்தைக் கடுமையாகக் கலந்து பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். அந்த ஈரத்தில் இருக்கிற உப்பு காயும்போது பூத்துப் பூச்சை வெளியே தள்ளும். காக்கா சீமெந்தைக் குறைத்து, சுண்ணாம்பும் சேர்த்துக் கலந்தார். பார்க்கிறவர்கள் "சீமெந்தைக் கூடப் போடுங்கோ" என்று ஆலோசனை சொல்லத்தான் செய்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இடையில் அனுமதி எடுக்க வேண்டுமா என்று கேட்கப் போய் அலைந்தது தனிக் கதை. முதல் மேசையில் இருந்தவர் உறுதிப் பிரதி, வரைபடம், வரி கட்டின துண்டு எல்லாம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோன அன்றைக்கு அவர் லீவு. பக்கத்து மேசைக்காரர் கடதாசிகளைத் தொடவேயில்லை, "உயரம் கூட்டாமல் இருக்கிறதைத் திருத்தத்தானே போறீங்க, அதுக்கு ஏன் இவ்வளவும்?" என்று அனுப்பிவிட்டார். போட்டோக்கொப்பிக் காசு போனதுதான் மிச்சம். கரையோரத்தில் புதிதாக ஏதாவது கூட்டிக் கட்டுவதாக இருந்தால் அது வேறு விசயம், கட்டாயம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உண்மையான தலையிடி மணல்தான். எங்களுக்குத் தேவை சில மூட்டை, விற்கிறவர்களோ கியூப் கணக்கில்தான் பேசுவார்கள், அதாவது நூறு கன அடி. கிரான் பக்கத்து ஆற்று மணல் என்று சொல்லி ஒருவர் பொழுது பட்ட பிறகு லாண்ட்மாஸ்டரில் கொண்டுவந்தார். பறிக்க முதல் போன் வெளிச்சத்தில் ஒரு கை அள்ளிப் பார்த்தேன், சிப்பி! நாக்கு நுனியில் வைத்தால் நல்ல உப்பு. "அது ஆத்து வாய் மணல் தம்பி, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தார். திருப்பி அனுப்பினேன், ஏச்சும் வாங்கினேன். கடைசியில் பின்தெருவில் வீடு கட்டுகிற ஒரு அண்ணனிடம் கேட்டு அவருடைய ஆற்று மணலிலேயே மூட்டை கட்டிக்கொண்டோம். மணலைப் பகலிலேயே இறக்குங்கள். போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் மேலே படிகிற சேற்றின் அளவும் தெரிந்துவிடும்.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். கடலோரக் கிணறுகள் பல உவர், 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் மோசமானவையும் உண்டு. கையாள் பொடியன் கிட்டக் கிடக்கிறது என்று எங்கள் கிணற்றில் வாளியை விட்டுவிட்டான். காக்கா சத்தம் போட்டு, குழாய்த் தண்ணீரில்தான் கலவை போடவைத்தார்.

பழைய மூடியை உடைத்து இறக்கி, பலகை அடித்துப் புதிதாக வார்த்தது ஒரே மூச்சில் முடிந்தது. நாலு அங்குலத் தடிப்பு, கம்பி நடுவில், மேலும் கீழும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் கொங்கிறீட். கம்பி கீழே தொய்ந்துவிடாமல் இருக்கச் சின்னச் சீமெந்துக் கட்டைகளைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டார். விளிம்பின் அடியில் சுற்றிவர ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளக் கோடு, மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அந்த இடத்திலேயே சொட்டிவிடும். இந்தக் காடியைக் கேட்டு வாங்குங்கள், தானாகப் போடுகிறவர்கள் குறைவு.

மாரிக்கு முன் முடிக்க வேண்டும் என்று கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தொடங்கினோம். மழைப் பயம் இல்லை, ஆனால் அந்தச் சூட்டுக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், காலையில் பூசியது மத்தியானத்துக்குள் முடி மாதிரி வெடிக்கப் பார்க்கும். ஒரு கிழமைக்குக் குறையாமல் நனைத்த சாக்குப் போட்டு மூடி, வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். இதை மேசன் செய்யமாட்டார், வீட்டுக்காரர்தான் ஏற வேண்டும். இந்தச் சின்ன வேலைக்குக் கொன்றாக்ட் பேசாமல் நாள் சம்பளத்துக்கு விட்டதும் நல்லதாகப் போயிற்று, காய விட வேண்டிய இடத்தில் யாரும் அவசரப்படவில்லை.

உள்ளே கரி சுரண்டியபோது ஒரு சாக்கு நிறைய வந்தது. ஈரத் தேங்காய்ப் பொச்சும் மட்டையும் எரித்தால் பிசுபிசுப்பான கரி ஒட்டும், அதுவே ஒருநாள் தீப்பற்றும் என்று காக்கா அம்மாவுக்கு நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னால் கேட்கமாட்டார், காக்கா சொன்ன அன்றே பொச்செல்லாம் வெயிலுக்கு வந்துவிட்டது. பச்சைக் கட்டு என்பதால் முதல் சில நாள் சிரட்டையில் சின்ன நெருப்புத்தான் மூட்டினோம்.

இந்த மாரி தாண்டிவிட்டது, ஓர் இடம்கூடப் பொள்ளல் சத்தம் இல்லை, தட்டிப் பார்த்தேன். ஆற்று மணல் இரண்டு மூட்டை மிச்சம் கிடக்கிறது, கல்லடிப் பக்கம் யாருக்காவது சின்னத் திருத்த வேலை இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், சாக்கை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.