எண்பது ரூபாய் கேபிளும் ஒரு வெட்டி தஞ்சாவூர் பயணமும்

தை முகூர்த்த நெருக்கடியில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் டிடிபி கடைக்காரன் கதி என்னவாகும் என்று போன வாரம் தெரிந்துகொண்டேன். கடை நீடாமங்கலத்தில். கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ், எஸ்எஸ்டியில் ஓடுகிறது. பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில், லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மட்டில்.

கல்யாணப் பத்திரிகை ஒன்றை சேவ் பண்ணும்போது ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றது, அதாவது படிக்கலாம், எழுத முடியாது. பெர்மிஷன் கோளாறு என்று நினைத்து, அதை மாற்றும் சிஎச்மாட் கட்டளை போட்டேன். அதற்கும் அதே பதில். டிஸ்க்கை எழுதும்படி மறுபடி இணைக்கிற ரீமவுன்ட்டும் எடுபடவில்லை. இதிலேயே ஒரு மணி நேரம் போச்சு. முதலில் லினக்ஸின் செய்திப் பதிவான டிமெஸ்ஜியைப் பார்த்திருக்க வேண்டும். அதில் வரிசையாக ஐ/ஓ எரர் (படிக்க, எழுதுவதில் பிழை), கடைசியில் ஜர்னல் அபார்ட், அதாவது ஃபைல் சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பேடு நின்றுபோனது. எழுதியது டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை என்றால், மேற்கொண்டு கெடுக்காமல் லினக்ஸ் கதவைச் சாத்திவிடும். ஆனால் படிக்க விடும். அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். நான் நடப்பு வேலைகளை மட்டும் பென்டிரைவில் எடுத்தேன்.

டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து (இணைப்பை விலக்கி), ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன், சரியானது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டி, கழற்றிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். சர்வீஸ் கடைப் பையன் விண்டோஸ் மெஷினில் மாட்டினான். விண்டோஸுக்கு இஎக்ஸ்டி4 தெரியாதே, ஃபார்மட் பண்ணவா என்று கேட்டது. “டிஸ்க்ல ஒண்ணுமே இல்லண்ணே, ஃபார்மட் அடிச்சிடவா?” என்று மவுஸை நகர்த்திவிட்டான். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். எட்டு வருஷ ஃபைல்கள்! புது டிஸ்க் வாங்கச் சொன்னான். வாங்காமல் திரும்பினேன்.

ராத்திரி திரும்ப மாட்டி ஸ்மார்ட் அறிக்கை எடுத்தேன், டிஸ்க் தன் உடல்நிலையை எண்ணிட்ட வரிகளில் சொல்லும் கணக்கு அது. 5, 197, 198, டிஸ்க்கின் பரப்பு கெட்டால் ஏறுகிற மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 389. அது சிஆர்சி பிழை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்த கணக்கு. ஒரு பெரிய ஃபைலை எழுதிப் பார்த்தேன், 412 ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளில் பல் தடம். அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுக்குள் வரும் என்று தெரியும், கேபினெட்டுக்குள்ளும் வரும் என்று தெரியாது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தே போட்டிருந்தது நான்தான்.

புது கேபிள் 80 ரூபாய். மாட்டிவிட்டு ஒருமுறை எஃப்எஸ்சிகே, அவ்வளவுதான். பெண் வீட்டுக்காரர் வருவதற்குள் பத்திரிகை பிரிண்ட்டில் இருந்தது. 199-ஆம் எண் பழையபடி பூஜ்யமாகாது, அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஏறாமல் இருந்தால் போதும். தினமும் பார்க்கிறேன், 412-லேயே நிற்கிறது. எலிதான் இன்னும் பொறியில் விழவில்லை.