"அப்புறம் வாங்க" என்றதற்கு வந்த வாரண்ட்

கலிபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: நகராட்சி இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "அவர் ஊரில் இல்லை, அப்புறம் வாங்க" என்றுதான் என் மனைவி சொன்னாள். நீதிபதியிடம் போன பிரமாணப் பத்திரத்தில் அது "அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டார்கள்" என்று ஏறியிருந்தது.

புகார் இதுதான்: கராஜில் யாரோ குடியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அங்கே கட்டில் போட்டு மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வார், அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பழைய வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஒரு சிங்க்.

திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் கொடுத்த கார்டிலிருந்த எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் வாய்ஸ்மெயில். இங்கேதான் கோட்டை விட்டேன். "இந்த நாளில் வாருங்கள், கராஜை மட்டும் பார்க்கலாம்" என்று ஒரு மின்னஞ்சல் தட்டியிருந்தால் கையில் சாட்சி இருந்திருக்கும். பத்து நாள் கழித்து, புதன்கிழமை மாலை கதவில் ஆய்வு வாரண்ட் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு ஆய்வு. மறுத்தவர்களுக்கு 24 மணி நேரம் முன்னால் சொன்னால் போதுமாம், சட்டப்படி.

வாரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். இது ஆளைப் பிடிக்கும் கைது வாரண்ட் இல்லை, வீட்டைப் பார்க்கும் ஆய்வு வாரண்ட் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 1967இல் சான் பிரான்சிஸ்கோ நகர நீதிமன்றத்துக்கு எதிரான கமாரா வழக்கில், குடியிருப்பவர் மறுத்தால் வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அதே கையோடு வாரண்ட் வாங்குவதை எளிதாக்கியும் விட்டது: கட்டடத்தின் வகை, சுற்றுவட்டாரத்தின் நிலைமை இவையே காரணமாகலாம். அதனால் "என்ன ஆதாரம்?" என்று வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை. வாரண்ட் வந்த பிறகு வேண்டுமென்றே தடுத்தால் அதுவே குற்றம்.

வியாழன் விடுப்பெடுத்து, சிங்குக்குப் பழைய பெர்மிட் இருக்கிறதா என்று பார்க்க சிட்டி ஹாலுக்கு ஓடினேன். கவுன்டர் பன்னிரண்டு மணிக்கே மூடிவிடுமாம். நான் போனது 12:20. உள்ளே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், பத்து நாள் ஆகும்" என்றார். பார்க்கிங் காசுதான் தண்டம்.

அன்றிரவு வாரண்டை வரிவரியாகப் படித்தேன். நீங்களும் படியுங்கள். எந்த இடம், எத்தனை நாள் (14 நாள்வரை செல்லும்), எந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். நீதிபதி தனியாக அனுமதிக்காமல் மாலை 6 முதல் காலை 8 வரை வரக் கூடாது. அப்படி அனுமதிக்காமல் பூட்டை உடைக்கவும் முடியாது.

வெள்ளி இரண்டு பேர் வந்தார்கள். கராஜில் நாலு படம் எடுத்ததும் ஒருவர், "சமையலறையையும் சும்மா ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்" என்றார். காகிதத்தை நீட்டி, "கராஜ்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு வெளிப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனார். இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

சிங்குக்கு மட்டும் நோட்டீஸ். பத்து நாளில் ஆவணமும் வந்தது: 1991இல் வாங்கிய பெர்மிட், அவர்கள் அலுவலகத்திலேயே இருந்திருக்கிறது! அதை அனுப்பினேன், ஒரு வரியில் வழக்கை மூடிவிட்டதாகப் பதில். வருத்தம் என்று ஒரு சொல்கூட இல்லை.

கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டோம். அங்கே காற்று வரவில்லை என்று அப்பா முனகுகிறார்.