கட்டைவிரல்தான் விஷயமே

இப்போது கையுறை பின்னும் பைத்தியம் பிடித்திருக்கிறது. முதலில் மிட்டன். நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்து இருப்பதால் குளிருக்கு அதுதான் ஒரு படி மேல், பின்னுவதும் சுலபம்.

சுலபம் என்றால், கட்டைவிரல் வரும்வரை. அதன் அடியில் கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அவற்றை மட்டும் ஒரு துண்டு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, மற்ற விரல்களின் பகுதியை முடித்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். வரும்போது, கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து பிரியும் அந்தக் கவட்டில் ஓரிரு கண்ணி கூடுதலாக எடுங்கள். இல்லையென்றால் அங்கே ஓட்டை விழும், எல்லோருக்கும் விழும்!

அப்புறம் ஐந்து விரல் கையுறை. ஒவ்வொரு விரலும் ஒரு குட்டிக் குழாய். கொஞ்சூண்டு கண்ணி, அதைத் தாங்க மூன்று ஊசி, பின்ன நான்காவது. சுண்டுவிரலை மட்டும் சற்றுக் கீழேயே பிரித்துவிட்டால் கச்சிதமாக உட்காரும்.