விலா எலும்புகள் வெளியே

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓர் இரும்புக் கட்டுமானப் பட்டறையில் வெல்டிங் ஆய்வாளராகச் சேர்ந்த புதிதில், எங்கள் ஃபோர்மேன் சிற்பி ஆண்டனி கோர்ம்லியை "நம்ம வேலையை மறைக்காத ஆள்" என்றுதான் சொல்வார். கேட்ஸ்ஹெட்டில் கோர்ம்லி உருவாக்கிய, இறக்கை விரித்து நிற்கும் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' உருக்குச் சிலைக்குக் கீழே போய் நின்றபோதுதான் அவர் சொன்னது எனக்குப் பிடிபட்டது.

20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை, 200 டன் எடை. இப்படியொன்றைக் கட்டினால் விறைப்புத் தகடுகளை உள்ளே வைத்து, வெளித்தகட்டை வழவழவென்று தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். கோர்ம்லி அந்தத் தகடுகளை, சிலையின் விலா எலும்புகளை, வெளியே கொண்டுவந்துவிட்டார். மணிக்கு 160 கிலோமீட்டர் காற்று அகன்ற இறக்கையில் மோதினாலும் அந்த விசையைக் கீழே அஸ்திவாரத்துக்கு இறக்குபவை அவைதாம். உருக்கில் செம்பு கலந்திருக்கிறது. மேலே படியும் துருவே காப்பு, பெயின்ட் கிடையாது. ஆகவே ஒவ்வொரு மூட்டும் ஊர் பார்க்க நிற்கிறது. ஓர் ஆய்வாளனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை.

சிலை உருவானது ஹார்ட்லிபூலில். மூன்று துண்டுகளாக வந்து 1998 பிப்ரவரியில் நிமிர்ந்தது. அது நிற்பது, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் குளித்த இடத்தில். சுரங்கமும் கப்பல் தளமும் போய்விட்ட ஊரில் 8 லட்சம் பவுண்டு செலவா என்று பலத்த எதிர்ப்பு இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் நிறுவிய சில மாதங்களிலேயே கால்பந்து ரசிகர்கள் நியூகாசில் அணி வீரர் ஆலன் ஷியரரின் 9ஆம் எண் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்கள். ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

1950இல் லண்டனில் பிறந்த கோர்ம்லி கேம்பிரிட்ஜில் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். 1971 முதல் 1974 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பௌத்தமும் தியானமும் பயின்றார். இந்தியாவில் துணியால் முழுக்கப் போர்த்திக்கொண்டு வெளியில் தூங்கும் மனிதர்களைக் கண்டதிலிருந்து அவரது முதல் படைப்புகளில் ஒன்று பிறந்தது: ஆள்மேல் போர்த்தி எடுத்த, பிளாஸ்டரில் நனைத்த துணி. பிறகு தன் உடலையே அச்சாக்கினார். மனைவி விக்கன் பார்சன்ஸ், அவர் ஓவியர், பிளாஸ்டர் பூச, அது இறுகும்வரை கோர்ம்லி அசையாமல் நின்றார். லிவர்பூல் அருகே கிராஸ்பி கடற்கரையில் அலைக்குள் நிற்கும் 100 வார்ப்பிரும்பு மனிதர்கள் அப்படி வந்தவர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது களிமண்ணில் செய்தது. 1993இல் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் குடும்பங்கள் சேர்ந்து சுமார் 40,000 சிறு உருவங்களைப் பிசைந்தன. கைக்கு அடங்கும் அளவு, கண்ணுக்கு இரண்டு துளை. சிற்பியின் நிபந்தனை ஏறக்குறைய அவ்வளவுதான். பிசைந்தவரின் பிடி ஒவ்வொன்றிலும் பதிந்திருக்கிறது. 1994இல் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு கோர்ம்லிக்குக் கிடைத்தது.

புதிய பயிற்சியாளர்களை நான் கேட்ஸ்ஹெட்டுக்கு அழைத்துப்போகிறேன். கணுக்காலருகே தகடும் விலாவும் சேரும் கோட்டை விரலால் தடவச் சொல்கிறேன். இதைப் பற்றவைத்தவன் எங்கே நிறுத்தி எங்கே மறுபடி தொடங்கினான் என்று கேட்கிறேன்.