கல்பாசிக்குள் என்ன இருக்கிறது?
செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். வேர் கிடையாது, மெழுகுத்தோலும் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் எவ்வளவு தூரம் பரவியது என்று பார்க்க, ஆய்வாளர்கள் லைக்கன்களையும் சோதித்தார்கள்.

சரி, இவ்வளவு நஞ்சை வாங்கியும் அது எப்படிச் சாகாமல் இருக்கிறது? உலோகத்தின் பெரும்பகுதியைச் செல்லுக்குள் விடாமல் சுவரிலேயே பிடித்துவைக்கிறது. தாமிரப் பாறைகளில் வளரும் சில இனங்கள் தாமிரத்தை ஆக்சலேட் படிகமாக்கி ஓரங்கட்டிவிடும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே நீலப்பச்சை. காட்மியம், ஈயம் உள்ளே புகுந்துவிட்டால் பாசி பைட்டோகெலட்டின் என்ற பொருளைத் தயாரித்து அவற்றைக் கட்டிப்போடும்.

இதெல்லாம் படித்துவிட்டு, கல்பாசி எந்த மலையில் பறித்தது அண்ணாச்சி என்று மளிகைக்கடையில் கேட்டேன். முறைக்கிறார்.