முதல் முழுக்கு

தீர்த்தமலைக்குச் செல்பவர்கள் அடிவாரத்தில் இறங்கிய கையோடு படியேறிவிடக் கூடாது, தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன் தீர்த்தத்தில் முதல் முழுக்குப் போட்ட பிறகே மலைமேல் இராமர் தீர்த்தத்தில் நீராடி ஈசனைத் தொழ வேண்டும் என்பது எங்கள் தருமபுரிப் பக்கத்தில் வழிவழியாக வரும் முறை. இராவண வதத்துக்குப் பின் இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய நினைத்தபோது, காசிக்குத் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வந்துசேரத் தாமதமாயிற்றாம். இராமர் அம்பெய்து பாறையிலேயே ஊற்றை வரவழைத்துப் பூசையை முடித்துவிட, பிறகு வந்த அனுமன் மனம் வருந்தி வீசியெறிந்த கங்கை நீர் விழுந்த இடமே ஆற்றங்கரைத் தீர்த்தம் என்கிறது தலபுராணம். வந்த நீர் வீணாயிற்று என்ற குறை அனுமனுக்கு இருக்கக் கூடாது என்றுதான் முதல் முழுக்கை அங்கே வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு சென்றேன். இரண்டு முழுக்குக்கு இரண்டு மாற்றுச் சேலை என்று கணக்கிட்டு அம்மா பையில் எடுத்து வைத்திருந்தார். ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நிறம் பாசிப்பச்சையாக இருந்தது, ஓரத்தில் பழந்துணிகளும் நெகிழிப் பைகளும் சீமைக் கருவேல முட்களில் சிக்கிக் கிடந்தன. படித்துறையருகே பூ விற்ற பெரியம்மா, "தலைக்கு ரெண்டு கை தெளிச்சுக்கோங்க கண்ணு, உள்ள எறங்க வேணாம், உடம்பு அரிக்கும்" என்றார். ஆடிப்பெருக்குக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் துறையில், தெளித்துக்கொண்டு திரும்பினோம்.

இந்த ஆறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 400 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பிறந்த சிறிது தொலைவிலேயே அதற்குச் சோதனை தொடங்கிவிடுகிறது. பெங்களூரின் கழிவுநீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இதில் வந்து சேர்கிறது. பெள்ளந்தூர் ஏரி 2017-இல் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. சோப்புத் தூளில் உள்ள நுரைக்கும் பொருள்கள் முழுவதும் சிதையாமல் வருவதால், ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகு வழியே விழும்போது நீர் அடிபட்டு வெண்ணுரையாகப் பொங்குகிறது. கழிவில் கலந்துள்ள பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன. அவை பெருகி, மடிந்து, அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் சாகின்றன. ஆகவே ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து அள்ளிப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உரம் வந்துகொண்டே இருக்கும்வரை அதுவும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

படியேறி மலைமேல் சென்றோம். பாறை முகட்டிலிருந்து இராமர் தீர்த்தம் மெல்லிய தாரையாக விழுந்துகொண்டிருந்தது. கோடையிலும் வற்றாது என்பார்கள். அந்தக் குளிர்ச்சியில் அம்மா கைகூப்பியபடி வெகுநேரம் நின்றார். பக்தியோடு பார்த்தால் அது இராமர் அம்பு. அந்த அம்புக்குத் துணையாகக் காடும் நிற்கிறது என்பதைச் சொல்வதில் அபச்சாரம் ஒன்றும் இல்லை. மேலே மரங்களும் சருகும் மழையைத் தாங்கிப் பிடிக்க, நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, மெதுவாக வடிந்து, தெளிந்து வெளியே வருகிறது. ஆற்றிலும் இந்த வேலையைச் செய்ய ஒரு காலத்தில் மணல் இருந்தது, கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் இருந்தன, ஓரங்களில் கோரையும் நாணலும் நின்று நீரை வடிகட்டின. மணலை அள்ளிய இடங்களில் இப்போது பள்ளமும் முள்ளும் இருக்கின்றன.

தென்பெண்ணை மீள வேண்டுமானால், முதலில் நகரத்துக் கழிவுநீர் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் நீங்கும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட பின்பே ஏரியில் விடப்பட வேண்டும். ஆலைக் கழிவை அதனோடு கலக்க விடாமல் தனியே சுத்திகரிப்பதும், ஏரி முகத்துவாரங்களில் கோரையும் சம்பும் அடர்ந்த ஈரநிலங்களை மீட்பதும், கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே ஆண்டு முழுவதும் சிறிதளவேனும் நீர் ஓடவிடுவதும் அதற்கடுத்த வேலைகள். வெள்ளம் வந்து கழுவிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு கரைபுரண்டது. அதற்குப் பிறகும் நாங்கள் கண்ட நிறம் இதுதான். நாமும் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறோம். அந்தத் துணி மேல்மாநிலத்திலிருந்து வரவில்லை.

வடிவாம்பிகை சன்னதியில் அர்ச்சனை முடித்து இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வீடு திரும்பியதும் ஈரச்சேலை ஒன்றைக் கொடியில் உலர்த்திய அம்மா, மடிப்புக் கலையாத மற்றொன்றைப் பீரோவில் வைக்கவில்லை. "ஆடிப்பெருக்குக்குப் போகணும்ல, இதுலேயே இருக்கட்டும்" என்று பயணப் பையிலேயே வைத்து, பையை ஆணியில் மாட்டினார்.